மீதிமானி

அளவெடுக்காத குற்றத்துக்காகச் சந்தியாகுவைத் தூத்துக்குடி அளவு மன்றத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் "மீதி 2,212 நாட்கள்" என்று எழுதியிருந்தது. சுவரில் சுவரின் மீதி, கூரையில் கூரையின் மீதி, மின்விசிறியின் நடுக்கிண்ணத்தில் அதன் மீதி. நடுவர் குடித்துக்கொண்டிருந்த தேநீர்க் குவளைக்குக்கூட இன்னும் நானூற்றுச் சொச்சம் நாட்கள் இருந்தன. அந்த அறையில் மீதி தெரியாமல் இருந்த ஒரே பொருள், சந்தியாகுவின் நெஞ்சுக்குள் இருந்த செயற்கை வால்வுதான்.

"பத்து வருஷமா வால்வோட இருக்கீங்க. ஒரு நாள்கூட அளக்கலை. அதோட பயணிகள் வேன் வேற ஓட்டுறீங்க," என்றார் நடுவர்.

"நல்லாத்தான ஐயா ஓடுது?"

"நல்லா ஓடுதுன்னு யார் அளந்து சொன்னா?"

"வேனையா கேக்கிய, நெஞ்சையா?"

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. திருச்செந்தூர் சாலையில் தினமும் நாற்பது பேரை ஏற்றி இறக்குகிற ஆள், தன் நெஞ்சு எப்போது நிற்கும் என்று தெரியாமல் ஓட்டுகிறார் என்றால் அது சிரிக்கிற விஷயம் இல்லைதான். வல்லுநர் அறிக்கை வரட்டும் என்று வழக்கை இரண்டு வாரம் தள்ளிவைத்து, ஆளைப் பொருட்பண்பு ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அந்த ஆய்வகத்தில் அளவைப் பிரிவின் தலைவி உலகம்மை. நாற்பத்தாறு வயது. மீதிமானியை நம்புவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குக் காரணமும் இருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் காய்கறி வாங்கப் போன அவள் கணவர் மேல் மூன்று மாடிச் சந்தைக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதற்கு முந்தின வாரம்தான் வெள்ளையடித்திருந்தார்கள். தூணுக்குள் கம்பி துருவேறித் தூளாகிக் கிடந்தது விழுந்த பிறகுதான் தெரிந்தது.

மீதிமானி அதற்கப்புறம் வந்தது. எலுமிச்சை மூடி அளவில் ஒரு கருவி. பொருளின்மேல் வைத்து அழுத்தினால் துழாவுகதிர் ஒன்று உள்ளே போகும். இரும்போ சிமெண்டோ பீங்கானோ, எந்தத் திடப்பொருளும் கண்ணுக்குத் தெரியாத பரல்கள் ஒட்டி உருவானதுதான். கதிர் ஒவ்வொரு பரலையும் லேசாக அசைத்துப் பார்க்கும். நன்றாக ஒட்டியிருக்கும் பரல் ஒரு மாதிரி அதிரும், விட்டுப்போகத் தொடங்கிய பரல் வேறு மாதிரி அதிரும். அத்தனை அதிர்வையும் கூட்டிக் கழித்து, இது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கருவி ஒரே ஓர் எண்ணில் சொல்லிவிடும். அந்த எண்தான் மீதி. பதினைந்து ஆண்டுகளாக அது சொன்னது தப்பியதே இல்லை. சொல்லாமல் எந்தப் பாலமும் விழவில்லை, எந்த லிஃப்டும் அறுந்து இறங்கவில்லை. மீதி முப்பதுக்கு வந்ததும் இடித்துவிட்டு வேறு கட்டினார்கள்.

பிறகு என்ன, அளப்பதைச் சட்டமாக்கினார்கள். கட்டடத்துக்கு மாதம் ஒரு முறை, வண்டிக்கு வாரம் ஒரு முறை, பாலத்துக்கு மணிக்கு ஒரு முறை, உடம்புக்குள் வைத்த உறுப்புக்கு நாளுக்கு ஒரு முறை. தெருமுனைக்கு ஓர் அளவுக்கூடம் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைக் கூப்பிடும் முன்பே வீட்டின் மீதியைக் கேட்டார்கள். பொருட்கள் முன்னைவிடச் சீக்கிரம் தேய்கின்றன என்பதை ஊர் கவனிக்காமல் இல்லை. ஆனால் விற்கிறவன் நாற்பது வருடம் என்றால் இருபது என்று எடுத்துக்கொள்வதுதானே நம் வழக்கம்? அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சந்தியாகுவின் மருத்துவக் குறிப்பைப் புரட்டியபோது உலகம்மைக்குக் கை நின்றது. அவள் மகள் ஆவுடைக்கு ஒன்பது வயதில் வைத்த வால்வும் இதுவும் ஒரே வகை, ஒரே மாதம், ஒரே உலையில் வார்த்த தொகுதி.

ஆவுடைக்கு இப்போது பத்தொன்பது. அன்று காலை அவள் வால்வின் மீதி 1,460. நான்கே வருடம். இந்த நெஞ்சை இன்னொரு முறை திறக்க முடியாது என்று அறுவை மருத்துவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆக, வால்வின் மீதிதான் மகளின் மீதி. அதே வால்வை வைத்துக்கொண்ட மற்றவர்களுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் என்று இருக்கும்போது இவளுக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டதற்கு, ரத்தத்தின் வாகு என்றார்கள். சட்டம் நாளுக்கு ஒரு முறை என்றது. உலகம்மை தொடக்கம் முதலே மூன்று முறை அளந்தாள். ஆய்வகத்தில் ஒற்றை அளவை யாரும் அளவு என்று ஒத்துக்கொள்வதில்லை. மூன்று எடுத்துச் சராசரி போடுவதுதான் முறை. ஊரான் வீட்டு இரும்புக்கு மூன்று எடுத்துவிட்டுப் பெற்ற பிள்ளைக்கு ஒன்றோடு நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை.

சந்தியாகு சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பத்து வருடம் கவனிக்காத வால்வு, ஐந்நூறு இருந்தாலே அதிகம் என்று நினைத்துக்கொண்டு அவள் கருவியை வைத்து அழுத்தினாள்.

10,948.

முப்பது வருடம். கருவிக்குக் கோளாறு என்று வேறு கருவி எடுத்தாள். 10,947. அதையும் ஓரமாக வைத்துவிட்டு ஆய்வகத்தின் மூலக் கருவியைக் கொண்டுவரச் சொன்னாள். சந்தேகம் வந்தால் மறுபடி அள. இருபது வருடமாக அவள் கற்றதும் கற்பித்ததும் அதுதான். அளந்தாள், குறித்தாள், அளந்தாள், குறித்தாள்.

"டாக்டரம்மா, தேங்காய ரெண்டு தட்டு தட்டிப் பாத்து வாங்கலாம்," என்றார் சந்தியாகு. "முப்பது தடவ தட்டுனா கடக்காரன் வைவாம்லா."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே குறித்த தாளைப் பார்த்தாள். முதல் எண் 10,948. முப்பதாவது எண் 10,922. அரை மணி நேரத்தில் அந்த மனிதனின் நெஞ்சிலிருந்து இருபத்தாறு நாட்கள் போயிருந்தன.

அவரை அனுப்பிவிட்டு அலமாரியைக் குடைந்தாள். ஒரே தகட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள் அவளுக்கு வேண்டியிருந்தன. ஒன்று எளிதில் கிடைத்தது. கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று தினமும் காலையில் அளந்து பார்க்கும் ஒப்புத்துண்டு அது. மற்றொன்று பன்னிரண்டு வருடமாக உறை பிரிக்காமல் பின்தட்டில் கிடந்தது. இரண்டையும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்தாள். உறைக்குள் கிடந்த துண்டு சுத்தமாக இருந்தது. தினமும் அளந்த துண்டில் பரலுக்குப் பரல் இடையே கறுப்புக் கறுப்பாக மயிர்க்கோடுகள். தேய்மானக் கீறல் என்றால் நாலா பக்கமும் ஓடும். இவை எல்லாம் ஒரே திசையில் ஓடின. கதிர் போகும் திசையில்.

கதிர் பரலை அசைத்துப் பார்க்கிறது, அசைத்ததில் ஒட்டுக் கொஞ்சம் விடுகிறது. இவ்வளவுதான் விஷயம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது அடுப்படியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். மீதிமானியை வைத்து முனைவர் பட்டம் வாங்கிய நாலாயிரம் பேருக்குத் தெரியவில்லை. இந்த வால்வில் ஓர் அளவுக்குப் போவது இருபத்தோரு மணி நேரம். பல முறை அளந்த பொருளில் எண்கள் எப்போதும் கொஞ்சம் முன்பின்னாகத் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்குள் இந்த இருபத்தோரு மணி நேரம் ஒளிந்துகொண்டது. அளக்கவே படாத பொருளில்தான் அது பளிச்சென்று தெரியும். அளக்கப்படாத பொருள் என்று ஒன்று ஊரில் இருந்தால்தானே?

உலகம்மை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டாள். போட வேண்டாம் என்றுதான் நினைத்தாள். பத்து வருடம், காலைக்கு மூன்று, அளவுக்கு இருபத்தோரு மணி நேரம். விடை இருபத்தாறு வருடம்.

சட்டத்துக்குப் பயந்து நாளுக்கு ஒரு முறை அளந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு இருபத்தோரு வருடம் மீதி இருந்தது. அளவே எடுக்காத வேன் ஓட்டுநருக்கு முப்பது வருடம். அவள் பிள்ளைக்கு நான்கு. ரத்தத்தின் வாகும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் கைதான். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாயின்மேலும் ஓர் எண் எழுதியிருந்தது.

மறுநாள் காலை ஆவுடை பல் துலக்கிவிட்டு வழக்கம்போல் வந்து கூடத்துச் சோபாவில் உட்கார்ந்தாள். கையில் பாதி கடித்த ரொட்டி.

"சீக்கிரம் பாரும்மா, பஸ் போயிரும். இன்னைக்கு என்ன மார்க்கு?"

மீதியை அவள் மார்க் என்றுதான் சொல்வாள். ஒன்பது வயதில் வந்த பழக்கம். காலை வணக்கம் சொல்வதுபோல அம்மா எண்ணைச் சொல்வாள், அதைக் கேட்டுவிட்டு மகள் அன்றைய பொழுதைத் தொடங்குவாள்.

உலகம்மை கருவியைச் சோதனை நிலைக்கு மாற்றினாள். அந்த நிலையில் விளக்கு எரியும், ரீங்காரம் வரும், கதிர் மட்டும் போகாது. மகளின் நெஞ்சில் மூன்று முறை வைத்து எடுத்தாள். தினமும் மூன்று நான்கு நாட்கள் குறைவது வழக்கம் என்பதால் அந்தக் கணக்கிலேயே ஓர் எண்ணைச் சொன்னாள்.

"ஆயிரத்து நானூத்தி அம்பத்தாறு."

"நாலா? சரி, நேத்தும் நாலுதான்."

அளக்காத எண்ணை உலகம்மை வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்னாள். அதற்கு முன்னும் பின்னும் அவளுக்கு இதைவிடச் சுலபமாக ஒரு வழி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் சொல்வதென்றால் முழுதாகச் சொல்ல வேண்டும். உன் இருபத்தாறு வருடத்தை எடுத்தது இந்தக் கை என்று சொல்ல வேண்டும். அவளால் முடியவில்லை. பெற்றவளுக்கு அது முடியாது என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கே அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை.

ஆய்வக இயக்குநர் முத்துவீரன் படங்களை வெகுநேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் இடுப்பிலும் ஒரு பீங்கான் மூட்டு இருந்தது. அதைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இதை வெளிய சொன்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"அளக்கிறதை நிறுத்துவாங்க சார்."

"நிறுத்துவாங்களா? உங்க வீட்டுக்காரர் போன அன்னைக்கு, அந்தக் கட்டடத்தை முன்கூட்டி அளந்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரா, மாட்டாரா?"

"பிழைச்சிருப்பார்."

"அப்புறம்?"

அவள் படங்களை உறைக்குள் போடத் தொடங்கினாள்.

"சொல்லிட்டு விழுறது ஒண்ணு, சொல்லாம நிக்கிறது ஒண்ணு. ரெண்டாவதுதான் நல்லதுன்னு உங்க கணக்கு சொல்லுது. தப்பில்ல. ஆனா எத்தனை நாள் நிக்கும்னு சொல்லாத பாலத்து மேல யாரும்மா ஏறுவா? நான் ஏற மாட்டேன். நீங்க ஏறுவீங்களா?"

அவர் விஷயத்தை மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் குழு அமைத்தார்கள். ஒரு வேன் ஓட்டுநரையும் இரண்டு தகட்டையும் வைத்து முடிவுக்கு வர முடியாது என்றது குழு. ஓடும் பாலங்கள், நிற்கும் கட்டடங்கள், நடமாடும் மனிதர்கள் என்று பத்தாயிரம் பொருட்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஆயிரம் முறை அளந்து, அளப்பதால் கெடுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டுமாம். அதாவது அளப்பது கெடுதலா என்று தெரிந்துகொள்ள ஒரு கோடி அளவுகள். முடிவு வரும்வரை வெளியே பேசக்கூடாது என்ற தாளில் உலகம்மை கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்துச் சந்தியாகுவின் வழக்கு வந்தது. வால்வு மிக நல்ல நிலையில் இருக்கிறது என்று அவள் அறிக்கை கொடுத்திருந்தாள்.

"வால்வு நல்லா இருக்கா இல்லையாங்கறது கேள்வி இல்லை," என்றார் நடுவர். "அளந்தாரா இல்லையாங்கறதுதான் கேள்வி. இவரைப் பாத்து நாலு பேர் அளக்காம விட்டா ஊர் என்ன ஆகும்?"

தண்டனை, பூட்டுக்கச்சை. நெஞ்சைச் சுற்றிக் கட்டிப் பூட்டிவிடுவார்கள். நாளுக்கு மூன்று முறை தானாகவே அளந்து எண்ணை மன்றத்துக்கு அனுப்பும். ஐந்து வருடத்துக்கு.

உலகம்மை எழுந்துவிட்டாள். "ஐயா, மூணு தடவை வேண்டாம்."

"ஏன்?"

பின்வரிசையில் முத்துவீரன் உட்கார்ந்திருந்தார். அவர் தலையை ஆட்டவில்லை, கண்ணை உருட்டவில்லை, வெறுமனே அவளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்ட தாள் அவள் நினைவுக்கு வந்தது. வேலை போனால் மூலக் கருவியும் போகும், ஆய்வகமும் போகும், ஆவுடைக்கு ஒரு வழி தேடுவதும் போகும் என்று தோன்றியது. "தேவைக்கு அதிகம்னு நினைச்சேன்," என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அது கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

வெளியே வந்ததும் சந்தியாகுவை ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கச்சையின் பூட்டை இழுத்துப் பார்த்தார். அப்போதே அது ஒரு முறை ரீங்கரித்து அடங்கியது.

"இத உள்ள வச்சு சொல்லிருக்கலாம்லா டாக்டரம்மா," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் பொய் எண் நாற்பது நாட்கள் ஓடியது. நாற்பதாம் நாள் காலை உலகம்மை சொன்ன எண் 1,316. அன்று மாலை ஆவுடை படியேறி ஓடிவந்தாள். ஓடக்கூடாது என்று பத்து வருடமாகச் சொல்லி வளர்த்த பிள்ளை.

"அம்மா! கூடிருக்கும்மா! நூத்திமூணு நாள் கூடிருக்கு!"

கல்லூரிச் சுற்றுலாவுக்குப் படிவம் நிரப்ப அளவுக்கூடத்துச் சீட்டு கேட்டிருக்கிறார்கள். கல்லூரி வாசலில் இருந்த கூடத்தில் அளந்திருக்கிறாள். 1,419 என்று வந்திருக்கிறது. மீதி என்பது இறங்கும், ஒருநாளும் ஏறாது. ஏறியது என்று யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. கல்லூரியே கூடிவிட்டதாம். கருவி கோளாறு என்றாள் ஒருத்தி. அதனால் அடுத்த தெருக் கூடத்துக்குப் போனார்கள். அங்கேயும் அப்படித்தான். பிறகு பேருந்து நிலையக் கூடம், மீன் மார்க்கெட் கூடம், மருத்துவமனைக் கூடம். சீட்டுகளைச் சோபாவில் பரப்பினாள். பதினொன்று இருந்தன. கடைசிச் சீட்டில் 1,410.

"கடைசில லேசா கொறஞ்சுது. அதான் மறுபடி மறுபடி பாத்தேன். ஆனாலும் பாரேன், உன் கணக்குக்கு எவ்வளவு மேல! எனக்குச் சரியாகுதும்மா!"

அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தை உலகம்மை பத்து வருடமாகப் பார்த்ததில்லை. எண்ணில் ஏற்றம் எதுவும் இல்லை. நாற்பது நாள் அளக்காததால் வால்வு நாளுக்கு ஒரு நாள் மட்டும் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அவளுடைய பொய்தான் அளவுக்கு மீறி இறங்கியிருந்தது. சந்தேகம் வராமல் இருக்க வேண்டும் என்று அவள் பழைய கணக்கில் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்ததன் பலன் இது. கொஞ்சம் மந்தமாகக் குறைத்திருந்தால் பிள்ளை ஒரு சீட்டோடு வீடு வந்திருப்பாள்.

உட்காரவைத்துச் சொன்னாள். கதிர், பரல், மயிர்க்கோடு, சோதனை நிலை, எல்லாம். கடைசியாக இருபத்தாறு வருடம். கேட்டு முடித்ததும் ஆவுடை சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

"அப்ப ஆரம்பத்துல இருந்தே நீதான்."

"ஆமா பிள்ள."

"தெரியாமத்தான செஞ்ச. அது பரவால்லம்மா." சீட்டு அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள், "இந்த நாப்பது நாளு? தெரிஞ்சுதான சொன்ன?"

உலகம்மை தலையை அசைத்தாள்.

"இனி நீ ஒரு நம்பர் சொன்னா நான் என்னன்னு நம்புவேன்?"

இனி அளக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆவுடையும் ஒப்புக்கொண்டாள். வீட்டுக் கருவியைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தார்கள்.

எட்டாவது நாள் விஷயம் வெளியே கசிந்தது. குழுவில் இருந்த யாரோ ஒருவர் சொல்லிவிட்டார். நண்பகலுக்குள் அரசு அறிக்கை வந்தது: அளப்பதால் பொருட்கள் தேய்வது உண்மையே, பொதுமக்கள் அவசியமின்றி அளக்க வேண்டாம். உலகம்மைக்கு மனசு லேசானது. முத்துவீரன் நினைத்தது தப்பு, ஜனங்கள் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆய்வகத்தைவிட்டுத் தெருவுக்கு வந்தாள்.

முதல் அளவுக்கூடத்தில் வரிசை மூன்று தெருவுக்கு வளைந்து நின்றது. முழங்கால் மூட்டு வைத்தவர்கள், பல் கட்டியவர்கள், இருசக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள். ஒரு பெண் குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அளந்தா தேயும்னு சொல்லிருக்காங்களே, கேக்கலையா?" என்று உலகம்மை வரிசையில் நின்ற பெரியவரிடம் கேட்டாள்.

"கேட்டம்மா. அதான் வந்திருக்கோம். இத்தன வருசமா அளந்ததுல எம்புட்டுப் போயிருக்குன்னு பாக்க வேண்டாமா?"

"அதையும் அளந்துதானே பாக்கணும்?"

"பாக்காம எப்படிம்மா வீட்டுக்குப் போறது?" அவர் அவளை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஊர் முழுக்க அப்படித்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் துறைமுகப் பாலத்தின் மீதியை மணிக்கு ஒரு முறைக்குப் பதிலாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளக்க ஆணை வந்தது. தேய்வது உறுதியாகிவிட்டதல்லவா, இனிக் கூடுதல் கவனம் வேண்டுமாம். பாலத்தின் பலகையில் எண் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற கூட்டத்தைப் பார்த்து உலகம்மைக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

மீன் மார்க்கெட் கூடத்து வரிசையில் ஆவுடை நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பவில்லை. பையைத் திறந்து காட்டினாள். உள்ளே சீட்டுகள். எட்டு நாளில் அறுபது.

"முத நாளே முடியல," என்றாள். "காலைல எந்திரிச்சா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. இன்னைக்கு எவ்வளவுன்னு தெரியாம மூச்சு முட்டுது. பாத்தா ஒரு மணி நேரம் நல்லா இருக்கு. அப்புறம், பாத்ததுல எவ்வளவு போச்சோன்னு திரும்பப் பாக்கணும்னு தோணுது. நான் என்ன செய்ய?"

"நான் கணக்குப் போட்டுச் சொல்லுதேன் பிள்ள. அளக்காமலே சொல்லலாம். நாளுக்கு ஒண்ணு கொறையும், அம்புட்டுதான்."

"நீ சொல்லுவ. நீ முன்னயும் சொன்ன."

உலகம்மை மகளின் கையைப் பிடித்து வரிசையைவிட்டு வெளியே கூட்டிவந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் கணக்கு ஓடியது. அளக்கவே இல்லை என்றால் மூன்றே முக்கால் வருடம். நாளுக்குப் பத்து என்றால் நாலரை மாதம். நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு வருடம். மூன்றில் முதலாவது அவள் கையில் இல்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொய் உட்கார்ந்திருந்தது.

"ஒரு தடவ," என்றாள் வீட்டு வாசலில். "காலைல, வீட்டுல, ஒரே தடவ. சுவிட்சு எந்த நிலையில இருக்குன்னு நீயே பாத்துக்கோ. நம்பர நான் வாசிக்கல, நீயே வாசி. அதுக்குப் பதிலா கூடத்துப் பக்கமே போகக்கூடாது."

ஆவுடை பையிலிருந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

மறுநாள் காலை பீரோவிலிருந்து கருவியை எடுத்தாள் உலகம்மை. ஆவுடை சுவிட்சைத் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தாள். சட்டையை விலக்கினாள். உலகம்மை கருவியை நெஞ்செலும்பின் மேல் வைத்தாள். கதிர் உள்ளே போய் என்ன செய்யும், எந்தத் திசையில் எந்தக் கோட்டைக் கீறும் என்று இந்த உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. அழுத்தினாள்.

எண் வர இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியும் அவள் கண் கருவியின் சிறு திரையைவிட்டு நகரவில்லை. எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மகளைவிட அவள்தான் அதிகம் தவித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு நாளாகத் தவித்திருக்கிறாள். அது தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

1,348.

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.